ப்ரோக்ரேஸோ தியேட்டர் எரிந்த ஆகஸ்ட்

ஆரஞ்சு ஈரமாக இருந்தால் பறிக்க மாட்டார்கள். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் கப்பல் கரை சேருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். அந்த ஆகஸ்டில் எங்கள் சான் கலிஸ்தோவில் ஒன்பது நாள் விடாத தூறல். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அர்ஜென்டினாவே கண்ணுக்குத் தெரியவில்லை. பத்தாம் நாள் மழை விட்டு வடக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசத் தொடங்கியது. ஆனாலும் தோப்பு காய இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று பழக்கொட்டகையை மூடியே வைத்திருந்தார்கள்.

அதனால்தான் சுல்மா அன்று வீட்டில் இருந்தாள். தேதி இருபத்தொன்பது. மாதம் பிறந்து இருபத்தொன்பதாம் நாள் எங்கள் ஊரில் எந்த வீட்டில் எட்டிப் பார்த்தாலும் ஞோக்கிதான். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, மாவு சேர்த்துப் பிசைந்து, விரல் மொத்தத்துக்கு உருட்டி, துண்டு துண்டாக வெட்டி, முள்கரண்டியில் ஒரு அழுத்து. சுல்மா காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கொட்டகையில் நாளெல்லாம் பழம் பொறுக்கிப் பழகிய கை. அது பாட்டுக்கு ஓடியது.

பன்னிரண்டே காலுக்கு எல்தோ தள்ளுவண்டியோடு வந்தான். வண்டியில் காஸ் சிலிண்டர், தாரை உருக்கி ஒட்டும் தீக்குழல், மிச்சமிருந்த தார்விரிப்புச் சுருள். அவன் தகர வேலைக்காரன். ஊரில் முக்கால்வாசிக் கூரைகளும் மழைநீர்க் குழாய்களும் அவன் கைபட்டவை. ப்ரோக்ரேஸோ தியேட்டருக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சந்துதான். கொல்லையில் நின்றால் தியேட்டரின் பின்சுவர் மலை மாதிரி நிற்கும். மழை வந்தாலே தியேட்டர் மேடைமேல் ஒழுகுகிறது, பள்ளிக்கூட விழா வருவதற்குள் அடைத்துவிடு என்று தியேட்டர் கமிட்டியில் போன மாதமே சொல்லியிருந்தார்கள். மழை விட்டதும் விடிந்ததும் விடியாததுமாக ஏறியிருந்தான்.

"கையைக் கழுவிட்டு வா. தண்ணி கொதிக்குது. போட்டா மூணு நிமிஷம்தான்."

"இரு, ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"இப்பத்தானே எறங்கி வந்தே?"

எல்தோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "கைப்பிடிச் சுவருக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு சந்து. உள்ள புறாக்கூடு இருந்திருக்கு, எனக்குத் தெரியல. தீக்குழல் பட்டு வைக்கோல் கருகிச்சு. மாத்தே டீ போட வச்சிருந்த பிளாஸ்க் தண்ணி பூராவையும் உள்ள ஊத்திட்டேன்."

"அணைஞ்சிடுச்சா?"

"அணைஞ்ச மாதிரிதான். பொகையில்ல. வாசம்தான் கொஞ்சம் அடிச்சுது."

"அப்ப என்ன? ஒம்போது நாள் மழையில ஊறின கூரை. உக்காரு. ஆறிப்போனா பசை மாதிரி ஆயிடும், அப்புறம் என்னைத்தான் சொல்லுவே."

அவன் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். இரண்டு தட்டு சாப்பிட்டான். குழம்பை ரொட்டியால் துடைத்துத் தின்றான். வழக்கம்போலப் பகல் தூக்கத்துக்குப் படுத்தான். சுல்மா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவன் பக்கத்தில் போய்ச் சாய்ந்தாள்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது.

கொல்லைக்கதவைத் திறந்தபோது தியேட்டர் கூரையிலிருந்து புகை கறுப்பாக இல்லாமல் மஞ்சளாக, கட்டி கட்டியாக வந்துகொண்டிருந்தது. எல்தோ வெறுங்காலோடு ஓடினான். சுல்மா அவன் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். ஏன் செருப்பை எடுத்தாள் என்று அவளுக்கே பிறகு புரியவில்லை.

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு தீயணைப்பு வண்டி. அதில் இருக்கிற தண்ணீர் ஐந்து நிமிடத்துக்கு. பிறகு ஆற்றிலிருந்து குழாய் போட வேண்டும், ஆறோ மூன்று தெரு தள்ளி. வடக்குக் காற்று வேறு. துறைமுகக் கூலிகளும் கொத்தனார்களும் சங்கம் வைத்துச் செங்கல் சுமந்து கட்டி எண்பத்தேழு வருடமான கட்டடம். நானூற்றிருபது மர நாற்காலி, மர மாடி, சாயம் பூசிய மரக் கூரை. உலர்ந்த மரம் எரியும்போது ஒரு சத்தம் வரும், பெரிய விலங்கு ஒன்று எலும்பு கடிக்கிற மாதிரி. ஊரே பகல் தூக்கத்திலிருந்து எழுந்து, படுத்த கோலத்தில் தெருவில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டது. வாய்விட்டு அழுதவர்கள் குறைவு. நிறையப் பேர் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

வால்திர் அப்போதுதான் சைக்கிளில் வந்து சேர்ந்தான். அவன் எலக்ட்ரீஷியன். தியேட்டரின் ஒயரிங் முழுதும் இருபது வருடமாக அவன் பார்த்தது, ஒரு பைசா வாங்காமல். எல்தோவின் மகள் கிரிசெல்டாவுக்கு ஞானத்தகப்பன். அதனால் எல்தோவும் அவனும் ஒருவரையொருவர் பெயர் சொல்லாமல் 'கும்பாரி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மெயின் எறக்கியாச்சா?" என்று வால்திர் தீயணைப்புத் தலைவனிடம் கத்தினான்.

"யார் உள்ள போறது? நீ தள்ளு!"

"கரண்ட் இருக்கறப்ப தண்ணி அடிச்சா உன் ஆளுங்க செத்துப்போவானுங்கய்யா!"

யாரோ வைத்திருந்த ஈரச் சாக்கைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்துவிட்டான். அவன் மனைவி நீவெஸ் அதைப் பார்க்கவில்லை. சுல்மா பார்த்தாள். எல்தோவும் பார்த்தான். எல்தோ வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

இரண்டு நிமிடம் இருக்கும். வால்திர் வெளியே வந்து விழுந்தான். உள்கதவின் இரும்புத் தாழ்ப்பாள் பழுக்கக் காய்ந்திருந்திருக்கிறது. அதைத் திறக்க வலது கையால் பிடித்திருக்கிறான். உள்ளங்கைத் தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. இருமி இருமி அவன் முதலில் சொன்னது இதுதான்: "மெயின் லீவர் கீழதான் இருந்துது. கரண்ட் இல்ல. ஏற்கெனவே யாரோ எறக்கியிருக்காங்க. தண்ணி அடிங்க."

சற்று நேரத்தில் கூரை மொத்தமாக உள்ளே விழுந்தது.

மறுநாள் காலையில் மருந்துக்கடைப் பெரியவர் டான் அபெலார்தோ வந்தார். தியேட்டர் கமிட்டிக்குத் தலைவர். அஸ்திவாரக் கல்லில் அவருடைய அப்பா பெயர் செதுக்கியிருக்கும். கண் இரண்டும் சிவந்து, முகம் மழிக்காமல், பத்து வயது கூடின மாதிரி இருந்தார். சுல்மா கொடுத்த மாத்தேக் குடுவையை வாங்கி ஒரே ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்தோ, சுத்தி வளைக்காம கேக்கறேன். நேத்து மேல இருந்தியா?"

"இருந்தேன், டான் அபெலார்தோ."

"யாராவது பாத்தாங்களா?"

"சுவருக்குப் பின்னாடி தட்டையான எடம். தெருவிலேருந்து தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தார். "கூரைமேல நெருப்பு வச்சு வேலை செய்யணும்னா தீயணைப்பு நிலையத்துல எழுதி அனுமதி வாங்கணும். நாங்க வாங்கல. தப்பு எங்களதுதான். ஆனா இது தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். சான் கலிஸ்தோவுக்கு இனி தியேட்டர் கிடையாது. அந்த எடத்துல எவனாவது பெட்ரோல் பங்க் கட்டுவான்." நிமிர்ந்து பார்த்தார். "மழைக்கு முன்னாடியே நீ வேலையை முடிச்சிட்டே. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போகல. அவ்வளவுதான். யாருக்கு நஷ்டம் சொல்லு?"

எல்தோ சுல்மாவைப் பார்த்தான். சுல்மா அடுப்பைப் பார்த்தாள்.

"யாருக்கும் நஷ்டம் இல்ல" என்று எல்தோ சொன்னான்.

அன்றைக்கு அது உண்மை மாதிரிதான் இருந்தது.

தலைநகரத்திலிருந்து நிபுணர் ஒருவர் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கரிக்குள் இரண்டு நாள் நடந்தார், படம் எடுத்தார், போனார். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. அதைப் படிக்க ஊர் கிளப் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். உட்கார நாற்காலி போதாமல் சர்ச்சிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். டான் அபெலார்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நீளமான வாசகம். மேடைக்கு மேலிருந்த பழைய மின்கம்பிகளில் ஏற்பட்ட கோளாறு காரணமாக இருக்கக்கூடும் என்பது சாரம். 'இருக்கக்கூடும்' என்ற சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

வால்திர் எழுந்தான். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு.

"கம்பி நான் இழுத்ததுதான். ஒவ்வொரு அடியும் என் கையால இழுத்தது. இல்லேன்னு சொல்லல. ஆனா கரண்ட் இல்லாத கம்பி எப்படிய்யா எரியும்? நான் உள்ள போறப்பவே லீவர் கீழ இருந்துது."

"அந்தப் பொகையில உனக்கு லீவர் தெரிஞ்சுதாக்கும்?" என்று பின்னாலிருந்து ஒருவன்.

"தடவிப் பாத்தேன்."

"தாழ்ப்பாளையும் தடவித்தானே பாத்தே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களே உடனே நிறுத்திக்கொண்டார்கள். வால்திர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது வரிசையில் இருந்த எல்தோவைப் பார்த்தான்.

"கும்பாரி, உன்கிட்ட தியேட்டர் சாவி ஒண்ணு இருந்துதே. மேல ஏறும்போது லீவரை எறக்கிட்டு ஏறுன்னு நான்தானே உனக்குச் சொன்னேன், விளம்பரப் பலகைக் கம்பி ஈரத்துல அடிக்கும்னு. நீ ஒரு நாளும் மறந்ததில்ல. அன்னிக்கு அந்தப் பக்கம் போனியா? நீ எறக்கினியா?"

எல்தோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போகல" என்றான். பிறகு, "லீவரு... மழைக்கு முன்னாடி எறக்கினேனா என்னன்னு ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லையா?"

"இல்ல, கும்பாரி."

வால்திர் அவனை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு இடது கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். பக்கத்தில் நீவெஸ் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு வால்திரை வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்தக் கையால் ஸ்க்ரூடிரைவர் பிடித்திருக்க முடியாது. அது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் அவன் போட்ட ஒயரிங்கைப் பிரித்துவிட்டு வேற்றூர் ஆளை வைத்து மாற்றினார்கள். ரொட்டிக்கடைக்காரன் அவன் பொருத்திய அடுப்பு சுவிட்சைக் கழற்றி வாசலில் போட்டான். வால்திர் வீட்டுச் சுவரில் ஒருவன் கரித்துண்டால் ஒரு வசவு எழுதினான். தியேட்டர் கரியே அதற்கும் பயன்பட்டது.

இதையெல்லாம் சுல்மா வேறெங்கும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. பழக்கொட்டகையில் அவளும் நீவெஸும் பத்தொன்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். கழுவின பழம் ரப்பர்ப் பட்டையில் உருண்டு வரும். இருபுறமும் நாற்பது பெண்கள். அடிபட்டது, பச்சை விழுந்தது, காம்பு பிடுங்கியது என்று கண் பார்க்கும், கை பொறுக்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசும். பேச்சு இல்லாவிட்டால் எட்டு மணிநேரம் நிற்க முடியாது. நீவெஸ்தான் வாயாடி. மேஸ்திரியின் நடையைச் செய்து காட்டுவாள், பாதிரியாரின் மூக்குச் சிந்தலைச் செய்து காட்டுவாள், பட்டையே குலுங்கும்.

கூட்டத்துக்குப் பிறகு எதிர்வரிசைப் பெண்கள் அவளைப் பார்ப்பதை விட்டார்கள். பத்து மணி இடைவேளையில் மாத்தேக் குடுவை வட்டமாகச் சுற்றிவரும். ஒருத்தி குடித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுப்பாள். நீவெஸின் முறை வரும்போது குடுவை அவளைத் தாண்டிச் சுல்மாவின் கைக்கு வந்தது. முதல் நாள் தவறிப்போய் நடந்தது என்று நினைக்கலாம். இரண்டாம் நாளும் அப்படித்தான். சுல்மா வாங்கிக் குடித்துவிட்டு அதை நீவெஸிடம் நீட்டினாள்.

"வேணாம் சுல்மா" என்றாள் நீவெஸ். "அப்புறம் உன்னையும் தாண்டிக் குடுப்பாளுங்க."

"குடுக்கட்டும். குடி."

"நீ ஒருத்திதான்டி என்கூடப் பேசறே." நீவெஸ் பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கான். லீவர் கீழ இருந்துது, கீழ இருந்துதுன்னு. இப்ப அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு. நேத்து என்கிட்ட கேக்கறான், 'நீவெஸ், நான்தான் பொகையில தப்பா தடவிட்டேனா?'ன்னு. இருபது வருஷ வேலைக்காரன். என்கிட்ட கேக்கறான்."

சுல்மா ஒரு ஆரஞ்சை எடுத்தாள். நல்ல பழம். அதைக் கழிவுக் கூடையில் போட்டாள்.

வீட்டில் எல்தோ பேசுவது குறைந்திருந்தது. கொல்லைக்குப் போவதில்லை, அங்கே போனால் கரிச்சுவர். ஜன்னலைச் சாத்தியே வைத்தாலும் அந்த வாசம் போர்வையில், ரொட்டியில், தலைமுடியில் இருந்தது. கிரிசெல்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வால்திரின் கைக்கட்டைப் பிரித்துக் கட்டுகிறவள் அவள்தான்.

அக்டோபர் முதல் ஞாயிறு. மறுபடி மழை. மழை நாள் வழக்கப்படி சுல்மா மாவைத் தட்டிக் கொழுப்பில் ரொட்டி பொரித்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"ரெண்டு வெரல் மடங்காது" என்றாள் கிரிசெல்டா. "தலைநகரத்துலேருந்து வந்த டாக்டர் பாத்துட்டாரு. ஞானப்பாகிட்ட நான்தான் சொன்னேன். அவர் என்ன கேட்டாரு தெரியுமா? 'அப்பா நல்லா இருக்கானா? அன்னிக்குச் செருப்பில்லாம வந்திருந்தான், காலைச் சுட்டுக்கிட்டானா?'ன்னு."

எல்தோ எழுந்து போய் ஜன்னல்பக்கம் நின்றான்.

"அப்பா."

"ம்."

"அன்னிக்குக் காலையில நான் டியூட்டிக்குப் போறப்ப தள்ளுவண்டி கொல்லையில இல்ல. காஸும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல. நீ மேலதானே இருந்தே? லீவரை எறக்கிட்டுத்தானே ஏறினே?"

மழை தகரத்தில் விழுகிற சத்தம். அந்தக் கூரையும் எல்தோ போட்டதுதான், ஒரு சொட்டு ஒழுகாது.

"உன் ஞானப்பன்கிட்ட போய்ச் சொல்லணும்னு தினம் கிளம்பறேன்" என்றான் எல்தோ, ஜன்னலைப் பார்த்தே. "சந்து முனை வரைக்கும் போறேன். காலு வரமாட்டேங்குது."

"அதுக்காக?"

"சொன்னா ஊருக்குத் தியேட்டர் இல்ல. என்னைப் பாக்கற ஒவ்வொருத்தனும் அதைத்தான் பாப்பான், நான் சாகற வரைக்கும்."

"சொல்லலேன்னா ஞானப்பாவைப் பாக்கறாங்க. அவர் சாகற வரைக்கும்."

கிரிசெல்டா மேலங்கியை எடுத்துக்கொண்டு மழையோடு மழையாக வெளியே போய்விட்டாள். அன்று அவள் வீட்டில் படுக்கவில்லை. ஆஸ்பத்திரி விடுதியில் தங்கிக்கொண்டதாகச் சொல்லியனுப்பினாள்.

சுல்மா பொரித்த ரொட்டியைத் துணியால் மூடினாள். அவள் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எல்தோ கருகின வாசத்தைச் சொன்னான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னான். உட்கார் என்றவள் அவள். இந்த ஒரு சொல்லை மட்டும் அவன் ஒருநாளும் அவளிடம் திருப்பிச் சொல்லவில்லை, கோபத்தில்கூட. அவன் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஏதோ ஒரு விதத்தில் இறக்கி வைத்திருப்பாள். சொல்லாமல் விட்டதுதான் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொட்டகையில் நீவெஸ் வரவில்லை. அவளுடைய இடம் காலியாக இருந்தது. பத்து மணி இடைவேளையில் பட்டை நின்றது.

"வேலையை விடப்போறாளாம்" என்றாள் எதிரே நின்ற தடித்த ஓல்கா, ரொட்டியைக் கடித்துக்கொண்டே. "வீட்டை வித்துட்டுத் தலைநகரம் போறாங்களாம். போகட்டும். எங்க தாத்தா செங்கல் சுமந்த கட்டடம். அதைக் கொளுத்திட்டு இங்க எந்த மூஞ்சியோட நடப்பான்?"

"அவன் கொளுத்தல" என்றாள் சுல்மா.

"வேற யாரு, புறாவா?"

சிலர் சிரித்தார்கள். சுல்மா கையுறையைக் கழற்றிப் பட்டைமேல் வைத்தாள். அவள் குரல் கம்மியாகத்தான் வந்தது. ஆனால் இயந்திரம் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"எல்தோ அன்னிக்குக் காலையில கூரைமேல இருந்தான். தீக்குழல் வச்சு வேலை செஞ்சான். லீவரை எறக்கிட்டுத்தான் ஏறினான், எப்பவும்போல. வால்திர் சொன்னது சத்தியம். கூரைக்குள்ள ஒரு கூடு கருகிச்சு. அவன் தண்ணி ஊத்திட்டு வந்தான். திரும்பப் போய்ப் பாக்கறேன்னு சொன்னான். நான்தான் உக்காந்து சாப்பிடுன்னேன். நான்தான் சொன்னேன்."

ஓல்கா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"கமிட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏ, பைத்தியமே" என்றாள் ஓல்கா மெதுவாக. அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. "இதை எதுக்குடி இப்ப சொல்றே? இனி எவன் கட்டித் தருவான்?"

அந்தக் கேள்வி அதன்பின் வருடம் முழுதும் சுல்மாவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்தோ சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். யாரோ ஓடிவந்து சொல்லிவிட்டிருந்தார்கள். அவள் அடிக்குத் தயாராகத்தான் போனாள், இருபத்தாறு வருடத்தில் அவன் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை என்றாலும்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தேன்" என்றான். "எழுதிக்கிட்டாங்க. கையெழுத்துப் போட்டேன்."

"எல்தோ..."

"இப்ப அவன் வீட்டுக்குப் போறேன். கூட வா. தனியாப் போனா சந்து முனையில நின்னுடுவேன்."

வால்திர் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. அவன் வேலிக்கதவு வரைக்கும் வந்தான். கதவைத் திறக்கவில்லை. இளைத்திருந்தான். வலது கையில் கட்டு இல்லை. இளஞ்சிவப்பாக, மினுமினுப்பாக, வேறு யாருடைய கையோ போல இருந்தது.

எல்தோ தொப்பியைக் கழற்றினான். "கும்பாரி," என்று தொடங்கினான்.

"அந்தப் பேரைச் சொல்லாதே."

எல்தோ நின்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான், கூடு, பிளாஸ்க், லீவர், டான் அபெலார்தோ. கோத்துச் சொல்லத் தெரியாமல் முன்னும் பின்னுமாகச் சொன்னான். வால்திர் முழுக்கக் கேட்டான்.

"கூரை எரிஞ்சதுக்கு உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "வேலை செய்யற கை. எவன் கையாலயும் நடக்கும். என் கையாலயே நடந்திருக்கும். கை வெந்ததுக்கும் ஒண்ணும் இல்ல, என்னை உள்ள போன்னு நீ சொல்லல. அத்தனை பேர் நடுவுல நான் உன்கிட்ட கேட்டேன் எல்தோ. வேற யார்கிட்டயும் கேக்கல. உன்கிட்ட கேட்டேன். நீ தரையைப் பாத்தே."

வால்திர் சுல்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான், தெருவில் போகிற யாருக்கோ அசைப்பது மாதிரி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்தார்கள். கமிட்டி கலைந்தது. டான் அபெலார்தோ பக்கவாதம் வந்து படுத்தார், பிறகு எழவில்லை. முன்சுவர் சாய்கிறது என்று நகராட்சி அதை இடித்துத் தள்ளியது. எல்தோமேல் வழக்குப் போட்டார்கள். தண்டனை பெரிதாக இல்லை, ஆனால் அவனைக் கூரையேறச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. பக்கத்து ஊர்களுக்குச் சைக்கிளில் போய் மழைநீர்க் குழாய் மாட்டிவிட்டு வந்தான். வால்திரைப் பார்த்து வெட்கப்பட்டவர்கள் அவன் வீட்டுக்குக் கேக்கும் மிட்டாயும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. ஊரைவிட்டுப் போகவும் இல்லை. பெட்டிகளைப் பிரித்துவிட்டான். இடது கையால் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருப்பதாகக் கிரிசெல்டா சொன்னாள். அவள் மட்டும்தான் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாள்.

நவம்பரில், பருவத்தின் கடைசிப் பழம் ஓடிக்கொண்டிருந்தபோது, நீவெஸ் கொட்டகைக்குத் திரும்பினாள்.

அதற்குள் சுல்மாவின் இரு பக்கமும் இடம் காலியாகியிருந்தது. பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் நெருக்கிக்கொண்டு நின்றார்களே தவிர அவள் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. மாத்தேக் குடுவை அவளைத் தாண்டிப் போனது. இரண்டு ஆள் பொறுக்க வேண்டிய பழத்தை அவள் ஒருத்தியே பொறுக்கினாள். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கியிருக்கும்.

நீவெஸ் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றதும் எதிர்வரிசை முழுக்க வழிவிட்டது. ஓல்கா தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கையை ஆட்டினாள். மேஸ்திரியே ஓடி வந்தார். கூட்டத்தில் வால்திரைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

"நீவெஸ், இங்க வாம்மா. வெளிச்சமான எடம், ஸ்டூல் போட்டுத் தரச் சொல்றேன். அவ பக்கத்துல நீ நிக்க வேணாம்."

நீவெஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவசரமே படாமல், நாற்பது முகத்தையும் பார்த்தாள். பல முகங்கள் பழத்தின் பக்கம் குனிந்தன. பிறகு பட்டையைச் சுற்றி நடந்து வந்து சுல்மாவின் இடப்பக்கம் நின்று கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"பத்தொம்போது வருஷமா நான் நிக்கற எடம் இது" என்றாள் மேஸ்திரியிடம். "நான் எதுக்கு நகரணும்?"

சுல்மாவின் பக்கம் அவள் திரும்பவில்லை. பட்டை ஓடத் தொடங்கியது. அன்று முழுதும், அதற்கடுத்த நாட்களிலும், இருவர் முழங்கையும் உரசாதபடி ஒரு கை அகலம் இடம் விட்டு நின்றார்கள். வருகிற பழத்தைப் பாதிப் பாதியாகப் பொறுக்கினார்கள்.